மனந்திரும்புவோருக்கான இறை இரக்கம்

கிறிஸ்தவ இறையியலில், பாவத்தை உணர்ந்து திரும்பி வருபவரைக் கடவுள் தாமே முன்வந்து ஏற்றுக்கொள்வதைக் குறிக்கும் கோட்பாடு. இதன் முதன்மை ஆதாரம் லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரம். அங்குள்ள ஊதாரி மகன் உவமையில், மகன் வாய் திறக்குமுன்பே தந்தை ஓடிச்சென்று அவனைத் தழுவுகிறார். தன்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளும்படி கேட்க அவன் எண்ணியிருந்தது சொல்லப்படாமலே போகிறது. ஆகவே பாவ அறிக்கை, வரவேற்பைப் பெறக் கொடுக்கும் விலையன்று. அதற்குத் தரும் மறுமொழி என்றே கொள்ள வேண்டும்.

புதுதில்லியில் பாவ அறிக்கையின் இரு வழிபாட்டு வடிவங்களைக் காணலாம். ஹென்றி மெட் வடிவமைத்த இரு பேராலயங்களுள், கத்தோலிக்கத் திருஇருதயப் பேராலயம் குருவிடம் தனியே அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதன மரபைச் சேர்ந்தது. 1931இல் அர்ப்பணிக்கப்பட்டு, இன்று வட இந்தியத் திருச்சபைக்குரியதாயுள்ள மீட்பின் பேராலயம், சபையார் ஒன்றுகூடிப் பொது அறிக்கை சொல்லும் ஆங்கிலிக்க மரபில் வந்தது. முறை வேறாயினும் மன்னிப்பவர் கடவுளே என்பதில் இரண்டும் உடன்படுகின்றன.

இத்தகைய இரக்கம் நீதியைத் தளர்த்தும் என்பது பழைய மறுப்பு. உவமையின் மூத்த மகனே அதை எழுப்புகிறான். எளிதில் ஒதுக்கத்தக்கதன்று அது. ஆனால் வரி வசூலிப்பவரான சக்கேயு, ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித்தர முன்வந்தது இயேசு அவரை ஏற்றுக்கொண்ட பின்னரே (லூக்கா 19). அண்மைக்கால உதாரணமும் உண்டு. 1995இல் மத்தியப் பிரதேசத்தில் கொலையுண்டு, 2017இல் அருளாளராக அறிவிக்கப்பட்ட அருட்சகோதரி ராணி மரியாவின் தங்கை, 2002இல் சிறைக்குச் சென்று கொலையாளிக்கு ராக்கி கட்டிச் சகோதரனாக ஏற்றார். கொலையாளி மனம் மாறினார். அவருடைய சிறைவாசமோ 2006 வரை தொடர்ந்தது.