இரண்டாவது தண்டவாளம்: கேசில் ராக்–குலேம் வழக்கும் தாமதத்தின் கணக்கும்

இந்தியாவில் ஒரு ரயில் திட்டம் ஏன் முடியவில்லை என்று கேட்டால் வழக்கமான பதில் ஒன்று உண்டு. பணம் ஒதுக்கியாயிற்று, வரைபடம் தயார், சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள், வேலை நின்றது. 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்தியத் திட்டங்களைப் பற்றிப் புள்ளியியல் அமைச்சகம் வெளியிட்டுவந்த அறிக்கைகளிலும் காட்டு அனுமதியும் நிலம் கையகப்படுத்தலும் தாமதக் காரணங்களாகத் தவறாமல் இடம்பெறும். அந்தக் காரணங்களை எழுதித் தருபவை திட்டத்தை நடத்தும் நிறுவனங்களே. தேர்வு எழுதியவரே விடைத்தாளையும் திருத்துவது போன்ற ஏற்பாடு இது. அதைப் படிக்கும்போது கொஞ்சம் எச்சரிக்கை தேவை.

எதிர்ப்பால் தாமதம் வருவதில்லை என்று இக்கட்டுரை வாதிடவில்லை. எதிர்ப்பு எந்தக் கட்டத்தில் பேச அனுமதிக்கப்படுகிறது என்பதே தாமதத்தின் அளவைத் தீர்மானிக்கிறது என்பதுதான் இதன் வாதம். அதற்குக் கர்நாடக எல்லையிலிருந்து கோவாவுக்கு இறங்கும் ஏறத்தாழ 26 கிலோமீட்டர் மலைப்பாதையைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

கேசில் ராக்கிலிருந்து குலேம் வரையுள்ள இந்தப் பாதை 1880களில் போடப்பட்டது. போர்ச்சுகீசியரின் மர்மகோவா துறைமுகத்தைப் பிரிட்டிஷ் இந்தியாவோடு இணைக்க 1878இல் கையெழுத்தான ஆங்கிலோ–போர்ச்சுகீசிய ஒப்பந்தம் அதற்கு வழிசெய்தது. மீட்டர் கேஜாக இருந்ததை 1990களில் அகலப்பாதையாக மாற்றினார்கள். சரிவு மட்டும் மாறவில்லை. 37 மீட்டர் முன்னேறினால் ஒரு மீட்டர் ஏற வேண்டும். சரக்கு ரயில்கள் பின்னாலிருந்து தள்ளும் பாங்கர் எஞ்சின்களின் துணையில்லாமல் ஏற முடியாது. தூத்சாகர் அருவியை ஒட்டிச் செல்லும் இப்பாதையின் கோவாப் பக்கம் பகவான் மகாவீர் சரணாலயமும் மொல்லெம் தேசியப் பூங்காவும் இருக்கின்றன. கர்நாடகப் பக்கம் காளி புலிகள் காப்பகம்.

ஹோஸ்பேட்டிலிருந்து ஹூப்பள்ளி, லோண்டா வழியாக வாஸ்கோ ட காமா வரை இரட்டைப்பாதை அமைப்பது ரயில் விகாஸ் நிகாமின் திட்டம். கர்நாடகச் சமவெளியில் அதற்குப் பெரிய தடை எழவில்லை. மலையில் மட்டும் நூறு எக்டேருக்கு மேற்பட்ட காட்டு நிலம் தேவைப்பட்டது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு 2019 டிசம்பரில் அதற்கு ஒப்புதல் தந்தது. அடுத்த சில மாதங்களில், பெருந்தொற்று முடக்கத்தின்போது, அதே காட்டின் வழியே நான்குவழிச் சாலைக்கும் உயர் அழுத்த மின்பாதைக்கும் அனுமதி கிடைத்தது. ஒரே காட்டுக்குள் மூன்று திட்டங்கள். மூன்றுக்கும் சேர்த்து என்ன விளைவு என்று எவரும் கணக்கிடவில்லை.

இனி சட்டத்தைப் பார்க்க வேண்டும், சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, முன் அனுமதி பெற வேண்டிய திட்டங்களை அட்டவணை போட்டது. அதில் விமான நிலையம் உண்டு, துறைமுகம் உண்டு, நெடுஞ்சாலை உண்டு. மலையில் தொங்கும் ரோப்கார்கூட உண்டு. ரயில் பாதை இல்லை. அதற்கு முந்தைய 1994 அறிவிக்கையிலும் இல்லை. 1989 ரயில்வே சட்டத்தின் 11ஆம் பிரிவு, வேறெந்தச் சட்டம் என்ன சொன்னாலும் தேவையான பணிகளைச் செய்துகொள்ள ரயில்வேக்கு அதிகாரம் தருகிறது. கொங்கண் ரயில்வேயை எதிர்த்துக் கோவா ஃபவுண்டேஷன் தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 1992இல் இந்தப் பிரிவைச் சுட்டித்தான் சுற்றுச்சூழல் சட்டத்தின் பிடியிலிருந்து ரயில்வேயை விடுவித்தது.

இந்த விலக்கின் விளைவு வாஸ்கோவில் நேரடியாகத் தெரிந்தது. மர்மகோவா துறைமுகத்தில் நிலக்கரி கையாளும் திறனைக் கூட்டும் திட்டங்களுக்கு 2017இல் பொது விசாரணை நடத்த வேண்டியிருந்தது, ஏனெனில் துறைமுகம் அட்டவணையில் இருக்கிறது. மக்கள் நாள்கணக்கில் வந்து பேசினார்கள்; கரித்தூள் படியும் வீடுகளைப் பற்றியும் மீன்பிடித் தொழிலைப் பற்றியும் பதிவு செய்தார்கள். அந்த நிலக்கரியைச் சுமந்து மலையேறும் ரயில் பாதைக்கு அத்தகைய விசாரணை ஏதும் இல்லை. பேச இடமில்லாத கேள்வி தெருவுக்கு வந்தது. 2020 நவம்பர் முதல் தேதி இரவு சாந்தோர் கிராமத்தில் ஆயிரக்கணக்கானோர் மெழுகுவத்தி ஏந்தித் தண்டவாளத்தருகே விடியவிடிய நின்றார்கள். ‘கோவாவுக்கு நிலக்கரி வேண்டாம்’ என்ற இயக்கமும் மொல்லெம் காட்டுக்கான இயக்கமும் அங்கே கைகோத்தன.

விசாரணைக் கூடத்தில் கேட்கப்படாத கேள்வி கடைசியில் உச்ச நீதிமன்றத்தில்தான் கேட்கப்பட்டது. அதிலும் தமிழ்நாட்டுக்கு ஒரு மறைமுகத் தொடர்பு உண்டு. நீலகிரியின் கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்குதான் பின்னாளில் நாட்டின் காட்டு வழக்குகளுக்கெல்லாம் தாய் வழக்கானது. அதன் கீழ் 2002இல் உருவான மத்திய அதிகாரக் குழு, கோவா ரயில் பாதையை ஆராய்ந்து 2021 ஏப்ரலில் அறிக்கை தந்தது.

குழுவின் கருத்து கடுமையானது. ரயில் வலைப்பின்னலிலேயே திறன் மிகக் குறைந்த ஒரு துண்டின் கொள்ளளவை இத்திட்டம் சொற்ப அளவுக்கே கூட்டும். அதற்கு விலையாக மேற்குத் தொடர்ச்சி மலையின் முக்கியமான வனவிலங்கு வழித்தடம் சிதையும் என்றது. 2022 மே 9 அன்று நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய், அனிருத்த போஸ் அமர்வு அதை ஏற்று, வாரியம் தந்த ஒப்புதலை ரத்து செய்தது. காட்டின் மீதான விளைவை முறையாக ஆராய்ந்து புதிய முன்மொழிவோடு வரலாம் என்று கதவைத் திறந்தும் வைத்தது.

ரயில்வேயின் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. லாரியைவிட ரயில் ஒரு டன் சரக்கை மிகக் குறைந்த எரிபொருளில் கொண்டுசெல்லும். ஒற்றைப்பாதையில் எதிர்வரும் வண்டிக்காகக் காத்திருப்பது வீண். பொதுவாகச் சரியான இந்த வாதம் இந்த 26 கிலோமீட்டருக்கு அப்படியே பொருந்துமா என்பதுதான் ஐயம். ஒரு சரக்கு ரயிலை ஏற்ற முன்னும் பின்னுமாகப் பல எஞ்சின்கள் பூட்ட வேண்டிய சரிவில் ரயிலின் எரிபொருள் மேன்மை தேய்கிறது. இரண்டாவது தண்டவாளம் போட்டாலும் 37க்கு 1 என்ற சரிவு அப்படியேதான் இருக்கும். 2021 ஜூலையில் தூத்சாகருக்கும் சோனாலியத்துக்கும் இடையே மண் சரிந்து மங்களூரு–மும்பை ரயில் தடம்புரண்டது. 2024 ஆகஸ்டில் அதே பகுதியில் சரக்கு ரயில் தடம்புரண்டது. மலையை இன்னும் குடைந்தால் மண்சரிவுகள் குறையும் என்று சொல்ல யாரும் முன்வரவில்லை.

மாற்றுவழியும் இருந்தது. பெல்லாரி வட்டாரத்து எஃகு ஆலைகளுக்கான நிலக்கரி மேற்குக் கடற்கரையில்தான் இறங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆந்திரத்தின் கிருஷ்ணப்பட்டினம் துறைமுகத்தை உள்நாட்டோடு இணைக்கும் ஒபுலவாரிப்பள்ளி–வெங்கடாசலம் பாதை 2019இல், ஆறரை கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கத்தோடு, பயன்பாட்டுக்கு வந்தது. கோவா திட்டத்தைத் தீட்டும்போதே இந்த ஒப்பீட்டைப் பொதுவில் வைத்திருந்தால் பல ஆண்டு வழக்கைத் தவிர்த்திருக்கலாம்.

தாமதத்துக்கு எதிர்ப்பு மட்டுமே காரணமல்ல என்பதைக் கொங்கண் ரயில்வேயின் அனுபவம் காட்டுகிறது. கோவாவின் கடலோர கஸான் வயல்கள் வழியே போகும் தடத்தை உட்பகுதிக்கு மாற்றக் கோரிய போராட்டத்தால் 1993இல் சில காலம் வேலை நின்றது. நீதிபதி ஓஜா விசாரணைக்குப் பின் பழைய தடத்திலேயே தொடர்ந்தது. நீதிமன்றத்திலும் ரயில்வேதான் வென்றிருந்தது. ஆனாலும் 1998 ஜனவரி வரை முழுப் பாதையும் திறக்கப்படாமல் கடைசிவரை இழுத்தடித்தது பெர்னேம் சுரங்கத்தின் ஈர மண். போராட்டக்காரர்களை நினைவில் வைத்திருக்கும் தாமதக் கதைகள் மண்ணை மறந்துவிடுகின்றன.

அவசரமாகப் பாதையை மேம்படுத்தியபின் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. வடக்கு வங்காளத்தில் சிலிகுரி–அலிபுர்துவார் தடம் 2004இல் அகலப்பாதையானபின் ரயிலில் அடிபட்டு இறந்த யானைகளின் எண்ணிக்கை முன்பைவிடப் பெருகியது. கோயம்புத்தூர் அருகே மதுக்கரை–வாளையார் காட்டில் 2021 நவம்பரில் ஒரே ரயிலில் மூன்று யானைகள் இறந்தன. பிறகுதான் சுரங்க வழிகள், வேகக் கட்டுப்பாடு, 2024 பிப்ரவரியில் 7.24 கோடி ரூபாய்ச் செலவில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக் கோபுரங்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன. எந்தத் தாமத அறிக்கையிலும் இச்செலவுகள் ஏறுவதில்லை. திட்டம் குறித்த காலத்தில் முடிந்ததாகவே எழுதப்பட்டிருக்கும்.

மகாராஷ்டிரத்தின் மேல்காட் புலிகள் காப்பகம் வேறொரு வழியைக் காட்டுகிறது. அகோலா–கண்டுவா மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்தும் திட்டம் காப்பகத்தின் நடுவே ஏறத்தாழ 39 கிலோமீட்டர் போக இருந்தது. பாதை 2017இல் மூடப்பட்டபின் வழக்கும் வாதமும் நீண்டன; இறுதியில் காட்டைச் சுற்றிச் செல்லும் தடத்துக்கு ரயில்வே இணங்கியது. சுற்றுவழி கூடுதல் தூரம்தான், ஆனால் வழியில் ஊர்கள் உண்டு, பயணிகள் உண்டு. அந்த வழியை முதல் ஆய்விலேயே வரைந்திருக்க முடியாதா என்ற கேள்விக்கு நியாயமான பதில் எதுவும் தென்படவில்லை.

ஆகவே விலக்கு வேகத்தைத் தரும் என்ற நம்பிக்கையை இந்த வழக்குகள் குலைக்கின்றன. மதிப்பீடு இல்லாத திட்டத்தை வனவிலங்குச் சட்டத்தின் கடைசிப் படியில் மட்டுமே தடுக்க முடிகிறது. அதற்குள் பணம் செலவாகி, ஒப்பந்தங்கள் கையெழுத்தாகி, பின்வாங்குவது மானப் பிரச்சினையாகிவிடுகிறது. கேசில் ராக்–குலேம் பாதைக்கு யாரேனும் புதிய முன்மொழிவோடு வருவதாக இருந்தால், முதலில் சரக்குப் போக்குவரத்துக் கணக்கையும் கிழக்குத் துறைமுகங்களோடான ஒப்பீட்டையும் வெளியிட்டு, குலேமிலும் சாந்தோரிலும் பொது விசாரணை நடத்தட்டும். சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் வழியே செல்லும் ரயில் பாதைகளையாவது மதிப்பீட்டு அட்டவணையில் சேர்க்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முன்வர வேண்டும். அதற்கு அறிவிக்கையில் ஒரு திருத்தம் வேண்டும். ரயில்வே சட்டத்தின் 11ஆம் பிரிவு அந்தத் திருத்தத்தைப் பயனற்றதாக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.