சுவரில் வெட்டிய விதி

குன்றத்தூர் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் உத்திரமேரூரும் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இல், குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளை அங்கே சுவரில் வெட்டினார்கள். இரண்டே வருஷத்தில் திருத்தினார்கள். 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 ஆனது. கணக்குக் காட்டாதவரின் உறவினருக்கும் இடமில்லை என்றானது. முதல் விதி போதவில்லை போல.

திறமூல மென்பொருளிலும் இதே கதைதான். லினக்ஸ் கெர்னலுக்கு 2015-இல் ஒரு சின்ன நடத்தை விதி வந்தது. யாரிடம் முறையிடலாம் என்று சொன்னது. எவையெல்லாம் அத்துமீறல் என்று பட்டியலிடவில்லை. 2018 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டு விரிவான விதியை வைத்தார்கள். அதே நாளில் லினஸ் டோர்வால்ட்ஸ், தன் கடுமையான மடல்களுக்கு மன்னிப்புக் கேட்டுச் சில காலம் ஒதுங்கினார்.

ஒரு வித்தியாசம் உண்டு. உத்திரமேரூர் விதி, நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்குள்ளேயே யார் பொறுப்புக்கு வரலாம் என்று வடிகட்டியது. லினக்ஸ் விதி, வாசலில் நிற்பவரையும் பார்க்கிறது. குன்றத்தூரிலிருந்து முதல் பேட்ச் அனுப்பும் ஒரு மாணவியிடம் நிரலில் உள்ள தவறைச் சொல்லலாம், சொல்லணும். அவளை முட்டாள் என்று சொல்லக்கூடாது. அவ்வளவுதான். விதி இல்லாத காலத்தில் அவள் சத்தமில்லாமல் விலகியிருப்பாள். விலகியது யாருக்கும் தெரிந்தே இருக்காது.