தோட்டக்கலைக் கல்வி வளாகமும் நிலத்தேர்வும்: மண்டபம் கடற்கரையை முன்வைத்து

வேளாண் கல்வி வளாகத்திற்குக் கட்டடத்தினும் நிலமே முதன்மையானது என்பதைச் சென்னை மாகாணம் சைதாப்பேட்டையில் அறிந்தது. ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில், 1865இல் அங்குத் தொடங்கப்பட்ட சோதனைப் பண்ணையை ஒட்டியே வேளாண் பள்ளி உருவாயிற்று. தலைநகருக்கு அருகில் இருந்தது அதன் வசதி. மணற்பாங்கான நிலம் அதன் குறை. அம்மண்ணில் கற்றவை மாகாணத்தின் கரிசலுக்கோ நன்செய்க்கோ எளிதில் பொருந்துவன அல்ல. 1906இல் கல்வி கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தபோது நன்செய், புன்செய், தோட்டக்கால் ஆகியவற்றை ஒரே வளாகத்தில் காணும் வாய்ப்பு மாணவர்க்குக் கிட்டியது. 1912இல் நெல், கரும்பு இனப்பெருக்க நிலையங்கள் அங்கு அமைந்தன. தோட்டக்கலைக் கல்லூரியும் பின்னர் அவ்வளாகத்திலேயே தோன்றியது.

பெரியகுளத்தில் 1990இல் கல்லூரி தொடங்கியபோது மாவும் வாழையும் செழிக்கும் பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது, இதில் வியப்பில்லை. திருச்சிராப்பள்ளியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டுதான் கூடுதல் கவனத்திற்குரியது. அது களர்நிலம். அந்நிலத்தின் குறையையே பாடமாகவும் ஆய்வுப்பொருளாகவும் கொண்டு அங்கு வேளாண் கல்லூரி வளர்ந்தது. களரைத் தாங்கும் திருச்சி நெல் இரகங்கள் அதன் விளைச்சல். மகளிர் தோட்டக்கலைக் கல்லூரியும் அதே மண்ணில் அமைந்தது. நல்ல நிலத்தைத் தேடிச் செல்வது ஒரு மரபு எனில், நிலத்தின் இடரைக் கற்பிப்பது மற்றொரு மரபு. மண்டபம் கடற்கரையில் தோட்டக்கலை வளாகம் ஒன்று அமையுமாயின் அது இரண்டாம் மரபையே சார வேண்டியிருக்கும்.

இடத்தின் இயல்புக்கேற்ற அறிவு நிறுவனம் மண்டபத்திற்குப் புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களைத் தங்கவைத்துச் சோதித்த முகாமின் பெயரே ‘மண்டபம் கேம்ப்’ என ஊர்ப்பெயராக நிலைத்தது. 1947இல் சென்னையில் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆய்வு நிலையம் 1949இல் அங்கு இடம்பெயர்ந்தது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா என இரு கடல்களும் நடந்து சென்றடையும் தொலைவில் இருந்தன. 1971இல் தலைமையகம் கொச்சிக்குச் சென்ற பின்னும் மண்டபத்தில் ஆய்வு தொடர்ந்தது.

தோட்டக்கலைக்கு இக்கரை ஏற்றதா என்னும் ஐயத்திற்குப் பாம்பன் தீவின் தங்கச்சிமடம் விடையளிக்கிறது. அங்கு மணலில் வேர்பிடிக்கவைத்த மல்லிகை நாற்றுகள் மாவட்டத்திற்கு வெளியேயும் செல்கின்றன. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் இப்பகுதி நாற்றுகளே மூலம். கல்லூரி வகுத்துத் தராத அறிவு இது. மணலின் இளக்கம் வேரைச் சிதைக்காமல் நாற்றைப் பிடுங்க உதவுகிறது. மணலடி நன்னீர் அதனை வளர்க்கிறது.

அந்நீர்தான் வளாக வடிவமைப்பின் எல்லைக்கோடு. கடலோர மணலில் நன்னீர், தன்னினும் கனமான உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கைபன், ஹெர்ஸ்பெர்க் ஆகியோர் வகுத்த கணக்கின்படி, நன்னீர் கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயர்ந்திருப்பின் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்திற்கு நிற்கும். மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால் அடியிலிருந்து 40 அடி காலப்போக்கில் உவராகும். எனவே ஆழ்துளைக் கிணற்றை நம்பிய வளாகம், பச்சைப்புல்வெளி எத்துணை இருப்பினும், நிலைத்த வளாகம் ஆகாது. பரவலான ஆழமற்ற கிணறுகளும், வடகிழக்குப் பருவமழையைத் தேக்கும் ஊருணியும், விடுதிக் கழிவுநீரைச் சுத்திகரித்து நாற்றங்காலுக்குத் திருப்பும் அமைப்புமே இங்குப் பொருந்தும். கண்மாயும் ஊருணியும் வறண்ட இராமநாதபுரத்தார் நீண்டகாலம் கையாண்டு வரும் முறைகள். அவற்றைப் ‘பசுமைத் தொழில்நுட்பம்’ எனப் புதிதாகப் பெயரிடத் தேவையில்லை.

கட்டுமானப் பொருளிலும் வரலாறு குறுக்கிடுகிறது. இக்கடற்கரையில் பவளக்கல் சுவராகவும் சுண்ணாம்பாகவும் நெடுங்காலம் பயன்பட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீரில் மூழ்கியமைக்குப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. 2001இல் இறுகிய பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இன்று ஆற்றுமணலும் செங்கல்லும் வெளியிலிருந்து வரவேண்டும்; ஆதலால் இருக்கும் பழைய கட்டடங்களைச் செப்பனிட்டுப் பயன்கொள்வதே சிக்கனம். எஞ்சிய நிலத்தில் முதலில் எழவேண்டியது வகுப்பறை அன்று, பனைவரிசை. உப்புக்காற்றைத் தடுக்கும் அவ்வேலி முழு உயரம் பெறப் பல்லாண்டுகள் ஆகும். கட்டடம் ஈராண்டில் எழுந்துவிடும்.