பேசாலைக் கிணற்றை யார் மூடினது?

“ரஷ்யாக்காரன் எண்ணெயைக் கண்டுட்டு, மூடி வச்சிட்டுப் போனவன்.” கீரிக் கடற்கரையில வலை தெரியிற பெரியாக்களிட்ட நாங்கள் கேட்டு வளர்ந்த கதை இது. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்குப் பாறையில என்ன வேலை எண்டு கேக்காதேங்கோ. இது எங்கட ஊர் வரலாறு.

கதையில் பாதி உண்மை. 1970களில் சோவியத் உதவியோடு இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் மன்னார்த் தீவில் எண்ணெய் தேடியது. 1974இல் பேசாலையில் முதல் கிணறு, பிறகு இன்னும் இரண்டு. வணிக அளவில் ஒன்றும் கிடைக்கேல்ல. 1976இல் பாக்கு நீரிணையிலும் 1981இல் மன்னார் வளைகுடாவிலும் வேறு நிறுவனங்கள் துளைத்தன. அங்கேயும் அதே கதை.

பிறகும் ஏன் தேடினார்கள்? கோண்டுவானா நிலம் உடைந்தபோது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் பெரும் பள்ளங்கள் விழுந்தன. கோடிக்கணக்கான வருசமாக அவற்றில் மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து பாறையாகின. அந்த அடுக்குகளிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். உயிர்ச்சத்து நிறைந்து, போதிய சூடு பட்ட களிப்பாறை கீழே உண்டா? அங்கே உருவானதைத் தேக்கி வைக்க நுண்துளையுள்ள மணற்கல் உண்டா? கசியவிடாமல் மூட மேலே இறுக்கமான அடுக்கு உண்டா? ஒன்று தவறினாலும் வெறுங்கிணறுதான்.

ஆனா வெறுங்கிணறும் வீண் இல்லை. துளையிலிருந்து வரும் பாறைத்துகளும் அதிலுள்ள நுண்ணிய உயிர்ச்சுவடுகளும் எந்த ஆழத்தில் எந்தக் காலத்து அடுக்கு எண்டு சொல்லிவிடும். அதிர்வலைகளை அனுப்பி எடுக்கும் நிலத்தடிப் படத்தை அதோடு பொருத்திப் பார்த்தால், அடுத்த கிணற்றுக்கு இடம் தெரியும்.

2001இல் மன்னார் வளைகுடாவில் புதிய அதிர்வலை அளவீடு நடந்தது. 2011இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் 1,300 மீற்றருக்கு மேல் ஆழமான கடலில் ‘டொராடோ’ கிணற்றைத் துளைத்தது. மொத்தமாக 3,000 மீற்றருக்குச் சற்றுக் கீழே, மணற்கல்லில் ஏறத்தாழ 25 மீற்றர் தடிப்புக்கு வாயு இருந்தது. ‘பரகுடா’ கிணற்றிலும் வாயு. இன்னொரு கிணறு வெறுமை. 2015இல் நிறுவனம் விலகியது. வாயு கடலுக்கடியிலேயே கிடக்கிறது.

ஆக, பேசாலையில் ஒருத்தரும் ஒளிக்கேல்ல. ‘மூடி வச்சவன்’ கதையை நம்பினால், திறக்க ஒருத்தன் வருவான் எண்டு பார்த்துக்கொண்டே இருப்பம். இனி ஒரு கப்பல் வந்தால் “எண்ணெய் இருக்கா?” எண்டு மட்டும் கேக்காமல், “எந்த அடுக்கில, எவ்வளவு, எங்கட மீன்பாடு என்னாகும்?” எண்டும் கேப்பம்.