மழைக்காலப் பெருங்காளான்: உண்ணுமுன் அறிய வேண்டியவை

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் மழைக்குப் பின் தோன்றும் பெரிய வெண்காளான்கள் அனைத்தும் உண்ணத்தக்கவை அல்ல. புற்றுக்காளானின் தண்டு மண்ணுக்குள் கறையான் புற்றுவரை வேர்போல் நீளும். குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்னும் நச்சுக்காளானின் குடையில் பழுப்புச் செதில்களும், தண்டில் வளையமும் காணப்படும். குடையின் அடிப்புற மடிப்புகள் இளமையில் வெண்மையாக இருந்து, முதிர்ந்தபின் பச்சையாக மாறும். ஆகவே, நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வெள்ளிக்காசு கறுக்காமையும் பாதுகாப்புக்குச் சான்றன்று.

இதனை உண்டால் பெரும்பாலும் 1 முதல் 3 மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். வேறு சில காளான்களின் நஞ்சு சமைத்தாலும் அழியாது. 6 மணி நேரத்திற்குப் பின்னரே அறிகுறி காட்டும். இடையில் நலம்பெற்றதுபோல் தோன்றினாலும் கல்லீரல் பழுதடையலாம்.

ஐயமிருப்பின் உண்ணாதீர்கள். உண்டிருப்பின், அறிகுறிகளுக்குக் காத்திராமல் 108 அவசர ஊர்தியை அழைத்து, எஞ்சிய காளானுடன் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.