அமெரிக்க மாநிலங்களின் வீட்டு உணவு விற்பனைச் சட்டங்கள்

வீட்டு அடுப்படியில் செய்த தின்பண்டத்தைக் காசுக்கு விற்பவர்களுக்காக அமெரிக்க மாநிலங்கள் தனித்தனியே வகுத்துள்ள சட்டங்கள் இவை. அங்கே இவற்றைப் பொதுவாக ‘காட்டேஜ் ஃபுட்’ சட்டங்கள் என்பார்கள். கட்டுப்பாடு மிகக் குறைந்த சில மாநிலங்களில் ‘உணவுச் சுதந்திரச் சட்டம்’ என்ற பெயர் உண்டு. உணவு விற்பவர் எவரும் உரிமம் பெற்ற தனிச் சமையற்கூடம் வைத்திருக்க வேண்டும், சுகாதார அலுவலர் அதை வந்து பார்வையிட வேண்டும் என்பதே அமெரிக்காவின் பொது விதி. அந்த விதியிலிருந்து வீட்டுக்காரர்களுக்குத் தரும் விலக்குதான் இந்தச் சட்டங்களின் உள்ளடக்கம். விலக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் ஒரு மாநிலத்துக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டுறவே இல்லை.

படித்துப் பார்த்தால் இவை உணவைப் பற்றிய சட்டங்கள் போலத்தான் தெரியும். கேக் விற்கலாமா, ஊறுகாய் விற்கலாமா என்று பட்டியல் நீளும். உண்மையில் இவற்றில் பெரும்பகுதி, சமைத்தவருக்கும் சாப்பிடுபவருக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கலாம் என்பதைத்தான் வரையறுக்கிறது. நேரில் வந்து வாங்குபவருக்கு விற்றால் கட்டுப்பாடு தளரும். நடுவில் கடைக்காரர் வந்தால் இறுகும். மாநில எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் கதவே மூடிவிடும்.

அதிகாரம் யாருடையது

மத்திய அரசின் உணவு மருந்து நிர்வாகம் 1993 முதல் ‘உணவு விதித்தொகுப்பு’ என்ற மாதிரி நூலை வெளியிட்டு வருகிறது. அது சட்டம் அல்ல. மாநிலங்கள் விரும்பிய அளவுக்கு எடுத்துக்கொண்டு தங்கள் சட்டமாக்கிக்கொள்ளலாம். சில்லறை விற்பனையையும் உணவகங்களையும் கண்காணிப்பது மாநில அரசுகளும் அவற்றுக்குக் கீழே உள்ள கவுண்டி நிர்வாகங்களும்தான். உணவுத் தொழிற்கூடங்கள் மத்திய நிர்வாகத்திடம் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியிலும் தனியார் குடியிருப்புகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே ஒருவர் தம் வீட்டில் பிஸ்கட் சுட்டு அதே ஊரில் விற்பது ஏறக்குறைய முழுக்க மாநிலத்தின் பாடு.

இறைச்சி மட்டும் வேறு கதை. 1906ஆம் ஆண்டின் இறைச்சி ஆய்வுச் சட்டத்திலிருந்து அது மத்திய வேளாண் துறையின் பிடியில் இருக்கிறது. எந்த மாநிலச் சட்டமன்றம் எவ்வளவு சுதந்திரம் பேசினாலும் கடைசியில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான்.

கெடும் உணவு, கெடாத உணவு

பெரும்பாலான மாநிலங்கள் முதலில் போட்ட கோடு ஒன்றுதான்: குளிர்பெட்டியில் வைக்காமலே கெடாமல் இருப்பதை விற்கலாம், மற்றதை விற்கக் கூடாது. விதித்தொகுப்பின் கணக்குப்படி 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் 135க்கும் நடுவே, அதாவது 5 முதல் 57 டிகிரி செல்சியஸ் வரை, நோய்க்கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்த வெப்பநிலையில் வைத்தால் ஆபத்தாகும் உணவு எதுவோ அது ‘நேரமும் வெப்பமும் கட்டுப்படுத்த வேண்டிய உணவு’. இதைத் தீர்மானிப்பவை இரண்டு: புளிப்பும் ஈரமும். பி.எச். அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் போட்டுலிசம் என்னும் கொடிய நச்சை உண்டாக்கும் கிருமி வளராது. கிருமிகளுக்குக் கிடைக்கும் ஈரத்தை அளக்கும் ‘நீர்ச் செயல்பாடு’ 0.85க்குக் கீழே இருந்தாலும் அது வளராது. ரொட்டி, பிஸ்கட், ஜாம், தேன், உலர்ந்த மூலிகை, மசாலாப் பொடி, வறுத்த காப்பிக்கொட்டை எல்லாம் இப்படித்தான் பட்டியலில் இடம்பிடித்தன. கிரீம் வைத்த கேக்கும் கஸ்டர்டும் வெளியே நின்றன.

புளிப்பில்லாத காய்களைப் புட்டியில் அடைத்து விற்பதை மட்டும் தாராள மனம் கொண்ட மாநிலங்கள்கூடத் தயங்கித் தயங்கியே அணுகுகின்றன. காரணம் இல்லாமல் இல்லை. 2015 ஏப்ரலில் ஒஹாயோ மாநிலம் லங்காஸ்டரில் ஒரு தேவாலய விருந்துக்கு ஒருவர் உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்தார். வீட்டில் சரியான முறையில் அடைக்கப்படாத உருளைக்கிழங்கு அதில் இருந்தது. 29 பேர் போட்டுலிசத்தால் பாதிக்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். அங்கே விற்பனை எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் கிருமிக்குக் காசு கைமாறியதா என்ற கணக்கு தெரியாது.

நம் சமையலை இந்தச் சல்லடையில் போட்டுப் பார்த்தால் எது எங்கே நிற்கும் என்பது அமெரிக்கத் தமிழர் வீடுகளில் வெறும் ஆர்வக் கேள்வி அல்ல. முறுக்கும் சாப்பாடும் வாட்ஸ்அப் குழுக்களில் விலைபோகும் ஊர்கள் அங்கே பல. முறுக்கு, தட்டை, பருப்புப்பொடி ஆகியவை இயல்பாகவே கெடாத வகை. தயிர்சாதம் கெடும் வகை: சோறு என்றாலே அது கட்டுப்படுத்த வேண்டிய உணவு, ஆறிய சோற்றில் பேசிலஸ் சீரியஸ் கிருமி பெருகும். பூண்டு ஊறுகாயிடம் எச்சரிக்கை தேவை. எண்ணெயில் ஊறும் பூண்டு போட்டுலிசத்துக்கு வசதியான இடம் என்பதால் விதித்தொகுப்பு அதைப் பெயர் சொல்லியே ஆபத்தான உணவில் சேர்த்திருக்கிறது. எலுமிச்சை ஊறுகாய்க்குப் புளிப்பே காவல். ஆனால் இயல்பு மட்டும் போதாது. பட்டியல் வைத்து நடத்தும் மாநிலத்தில் பட்டியலில் பெயர் இல்லாத பண்டத்தை, அது எவ்வளவு கெடாததாக இருந்தாலும், விற்க முடியாது.

இந்தப் பட்டியல்களின் விசித்திரத்துக்கு டெக்சஸ் நல்ல உதாரணம். 2011இல் அங்கே முதல் சட்டம் வந்தபோது வீட்டு வாசலில் வைத்து மட்டுமே விற்கலாம். 2013இல் சந்தைகளும் திருவிழாக்களும் சேர்ந்தன, ஊறுகாயும் சேர்ந்தது. ஆனால் மாநிலச் சுகாதாரத் துறை எழுதிய விதியில் ஊறுகாய் என்றால் வெள்ளரிக்காய் ஊறுகாய் மட்டும். பீட்ரூட்டோ காரட்டோ போட்டால் அது ஊறுகாய் ஆகாது. சிறு பண்ணை வைத்திருந்த ஒரு தம்பதி 2018இல் வழக்குப் போட்டார்கள். 2019இல் சட்டமன்றமே திருத்தி, எந்தக் காயை ஊறவைத்தாலும் பி.எச். 4.6ஐத் தாண்டாதிருந்தால் சரி என்றது. காய்கறியின் பெயரைப் பார்ப்பதைவிடப் புளிப்பை அளப்பது அறிவுடைமை என்பது புரிய ஆறு ஆண்டுகள் ஆயின.

வரம்பும் லேபிளும்

ஆண்டு விற்பனைக்கு உச்சவரம்பு வைப்பது பரவலான வழக்கம். ஃப்ளோரிடாவில் 2011இல் 15,000 டாலராக இருந்த வரம்பு 2017இல் 50,000 ஆகி, 2021இல் 2,50,000 டாலருக்கு எகிறியது. மின்னசோட்டாவில் முன்பு வெறும் 5,000 டாலர். ஒரு வழக்கைத் தொடர்ந்து 2015இல் 18,000 ஆகி, 2021இல் 78,000 ஆனது. வரம்பே இல்லாத மாநிலங்களும் உண்டு. ஒருவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதற்கும் அவருடைய ரொட்டி சுத்தமானதா என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. உரிமமும் வாடகையும் கட்டி நடத்தும் பேக்கரிக்காரர்களின் முணுமுணுப்பை அடக்கத்தான் இந்த எண்கள் உதவுகின்றன என்று சொன்னால் தவறாகாது.

லேபிள் விஷயத்தில் மாநிலங்கள் ஓரளவு ஒத்துப்போகின்றன. பொருளின் பெயர், சேர்மானங்கள், ஒவ்வாமை தரும் பொருட்கள், செய்தவரின் பெயர், முகவரி, கூடவே ‘இது வீட்டு அடுப்படியில் செய்யப்பட்டது’ என்ற அறிவிப்பு. ஒவ்வாமைப் பட்டியலில் 2023 ஜனவரி முதல் எள்ளும் ஒன்பதாவதாகச் சேர்ந்துவிட்டது. எள்ளுருண்டை விற்பவர் அதைக் கட்டாயம் எழுத வேண்டும். வீட்டு முகவரியை அச்சிடும் விதி பலருக்கு உறுத்தல். இத்தொழிலில் பெண்களே மிகுதி. யாரென்று தெரியாத எல்லோர் கையிலும் தன் வீட்டு விலாசம் போவதை விரும்பாதவர்கள் அவர்களில் நிறைய. டெக்சஸ் 2025இல் செய்த திருத்தம், முகவரிக்குப் பதிலாக அரசிடம் பெற்ற பதிவு எண்ணைப் போட வழி செய்தது. அதே திருத்தம் விற்பனை வரம்பை 1,50,000 டாலராக உயர்த்தியது; பதிவு செய்துகொண்டால் கெடும் உணவு வகைகளையும் விற்க அனுமதித்தது.

மற்ற நிபந்தனைகள் உதிரி: உணவுப் பாதுகாப்புப் பயிற்சி, கிணற்று நீரானால் பரிசோதனை, சில இடங்களில் முன்னாய்வு. பென்சில்வேனியாவில் செல்லப் பிராணி வளர்க்கும் வீட்டுக்கு அனுமதியே கிடையாது.

நீதிமன்றத்தின் வழியே

கலிஃபோர்னியாவின் சட்டத்துக்குப் பின்னணி ஒரு ரொட்டி. லாஸ் ஏஞ்சலஸில் தம் வீட்டுக் கொல்லையில் விறகடுப்பு கட்டிப் பரிசுகள் வாங்கும் அளவுக்கு ரொட்டி சுட்ட ஒருவர், அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் கொடுத்துவந்தார். 2011இல் அவரைப் பற்றி நாளிதழில் பாராட்டுக் கட்டுரை வந்த கையோடு சுகாதாரத் துறை வந்து விற்பனையை நிறுத்தியது. அவருடைய தொகுதி உறுப்பினர் மைக் காட்டோ கொண்டுவந்த மசோதாவில் ஆளுநர் ஜெர்ரி பிரௌன் 2012 செப்டம்பரில் கையெழுத்திட்டார். 2013 ஜனவரி 1 முதல் அமல். அதில் ‘ஏ’ பிரிவினர் நேரடியாக மட்டும் விற்கலாம், அடுப்படி ஆய்வு இல்லை. ‘பி’ பிரிவினர் கடைகள் வழியாகவும் விற்கலாம், ஆனால் ஆண்டுதோறும் ஆய்வு உண்டு. நடுவில் ஒரு ஆள் வந்ததும் அரசு உள்ளே வருகிறது.

விஸ்கான்சினில் சட்டமன்றம் அசையவே இல்லை. ஜாமும் ஊறுகாயும் விற்கலாம், பிஸ்கட் விற்றால் 1,000 டாலர் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்ற நிலை. பண்ணைப் பெண்கள் மூவர் 2016இல் வழக்குத் தொடுத்தனர். மறுஆண்டு லஃபாயெட் கவுண்டி நீதிமன்றம் அந்தத் தடை மாநில அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு அந்த மூவருக்கு மட்டும்தான் என்று அதிகாரிகள் சொல்லிப் பார்க்க, அது எல்லோருக்கும் பொருந்தும் என்று நீதிபதி மறுபடி தெளிவாக்க வேண்டியிருந்தது.

கடைசியாக வழிக்கு வந்தது நியூ ஜெர்சி. தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்ட வீட்டுக் கேக்கை விற்கலாம், அதே கேக்கைத் தனக்காக விற்றால் 1,000 டாலர் வரை அபராதம் என்பது அங்கே இருந்த நிலைமை. வீட்டு பேக்கரிக்காரர்கள் சங்கம் 2017 டிசம்பரில் நீதிமன்றம் போனது. 2021 அக்டோபர் 4 அன்று புதிய விதிகள் அமலுக்கு வந்தன: இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் கட்டணம், ஆண்டுக்கு 50,000 டாலர் வரம்பு.

சுதந்திரம் பேசிய மாநிலங்கள்

2015 மார்ச்சில் வயோமிங் எல்லோரையும் முந்திக்கொண்டு போனது. பட்டியல் இல்லை, உரிமம் இல்லை, ஆய்வு இல்லை. வாங்குபவருக்கு இது ஆய்வு செய்யப்படாதது என்று தெரிந்திருந்தால் போதும். காய்ச்சாத பால்கூட விற்கலாம். பதிலுக்குச் சட்டம் கேட்டது, உண்பவருக்கே நேரில் விற்க வேண்டும் என்பதைத்தான். வடக்கு டகோட்டா, யூட்டா, மொன்டானா, ஒக்லஹோமா, ஆர்கன்சா ஆகியவை அடுத்தடுத்த ஆண்டுகளில் தத்தம் அளவில் அந்த வழியில் நடந்தன.

மெய்ன் மாநிலத்தில் இது கீழிருந்து வந்தது. செட்ஜ்விக் என்ற சிற்றூர் 2011இலேயே, தன் ஊர்க்காரர்கள் தங்களுக்குள் விற்கும் உணவில் மேலதிகாரம் தலையிடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. 2017இல் மாநிலம் அந்த உரிமையை ஏற்றுச் சட்டமியற்றியது. மெய்னின் இறைச்சி ஆய்வை நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று மத்திய வேளாண் துறை எச்சரிக்க, அக்டோபரில் சிறப்புக் கூட்டம் போட்டு இறைச்சியையும் கோழியையும் விலக்கினார்கள். 2021 நவம்பரில் வாக்கெடுப்பின் மூலம் உணவு உரிமை மாநில அரசியலமைப்பிலேயே ஏறியது.

அரிசோனாவின் சண்டை தமாலே பற்றியது. மக்காச்சோள மாவுக்குள் இறைச்சியோ பாலாடைக்கட்டியோ வைத்து, சோளத்தோகையில் சுற்றி ஆவியில் வேகவைக்கும் மெக்சிகப் பண்டம் அது. தெருவோரத்தில் தலைமுறைகளாக விற்றுவந்தாலும் சட்டப்படி குற்றம். 2023இல் அதை அனுமதிக்கும் மசோதாவை ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் சுகாதாரக் காரணம் சொல்லித் தடுத்தார். மெக்சிக வம்சாவளி வாக்காளர்களின் கோபம் இரு கட்சிகளையும் சுட்டது. பயிற்சி, பதிவு, எடுத்துச்செல்லும் நேரத்துக்கு வரம்பு என்று நிபந்தனைகளைச் சேர்த்து மறுபடி வந்த மசோதாவில் 2024 மார்ச்சில் அவரே கையெழுத்திட்டார்.

வீட்டுச் சாப்பாடு

மேலே சொன்னவை பெரும்பாலும் பண்டங்கள். சுடச்சுடச் சாப்பாடு விற்பது தனிப்பிரச்சினை. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ‘ஜோசஃபின்’ என்ற செயலி வழியாக வீட்டுச் சமையற்காரர்கள் அண்டை வீட்டாருக்குச் சாப்பாடு விற்றுவந்தார்கள். 2016இல் அவர்களில் பலருக்கு நிறுத்தச் சொல்லி அரசு அறிவிக்கை வந்தது. அதன் பிறகு எழுந்த இயக்கத்தின் பலன் 2018இல் கலிஃபோர்னியா இயற்றிய குறுந்தொழில் வீட்டுச் சமையலறைச் சட்டம். வீட்டையே சிறு மெஸ் ஆக்கிக்கொள்ளலாம்: நாளுக்கு 30 சாப்பாடு, வாரத்துக்கு 60, ஆண்டுக்கு 50,000 டாலர் வரை. 2023இன் திருத்தம் வாரக் கணக்கை 90 ஆகவும் ஆண்டுத் தொகையை ஒரு லட்சம் டாலராகவும் உயர்த்தியது. அன்று சமைத்ததை அன்றே கொடுத்துவிட வேண்டும். அனுமதி தருவதா வேண்டாமா என்பது அந்தந்தக் கவுண்டியின் முடிவு. ரிவர்சைட் 2019இலேயே முதலில் ஏற்றது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி 2024 வரை யோசித்தது. ஏற்காத கவுண்டியில் வீட்டிலிருந்து சாம்பார் சாதம் விற்பது இன்றும் சட்டவிரோதமே.

இந்தச் சட்டம் செயலிகளையும் விட்டுவைக்கவில்லை. வீட்டுச் சமையலை விற்றுத்தரும் இணைய இடைத்தரகர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், தான் எடுக்கும் கட்டணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரே சமையலறை மீது ஓராண்டில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று சுகாதாரப் புகார்கள் வந்தால் அந்தச் சமையலறையின் பெயரையும் அனுமதி எண்ணையும் கவுண்டி சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.