மலைவழி கண்டவர்களும் மலைநிலம் கொண்டவர்களும்

ஓர் அரசு தன் எல்லையை விரிப்பதற்கு முன்னால் யாரோ சிலர் அந்நிலத்தை நடந்து பார்த்துவிடுகின்றனர். ஆறு எங்கே பிறக்கிறது, கணவாய் எங்கே திறக்கிறது, எந்தச் சரிவில் எது விளையும் என்று அவர்கள் எழுதி வைக்கும் குறிப்புகளே பின்னர் படைக்கும் வணிகத்துக்கும் வழிகாட்டுகின்றன. நம் பாடநூல்களில் அத்தகையோர் "கண்டுபிடித்தார்" என்ற ஒற்றைச் சொல்லால் சிறப்பிக்கப்படுகின்றனர். அவர்களுக்கு வழி காட்டியவர் யார், சுமை தூக்கியவர் யார், நடந்து முடிந்தபின் நிலம் யாருக்குப் போயிற்று என்ற கேள்விகள் பாடநூலில் இடம்பெறுவதில்லை. நம் சமுதாயத்து இளைஞர்கள் வரலாறு பயிலும்பொழுது இக்கேள்விகளையே முதலில் கேட்கவேண்டும் என்பது என் எண்ணம்.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்க நாட்டினது. 1803ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தலைவர் ஜெபர்சன், மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பரந்து கிடந்த லூசியானா நிலப்பரப்பைப் பிரான்சு நாட்டிடமிருந்து ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கினார். வாங்கியவரும் அந்நிலத்தைக் கண்டதில்லை. விற்றவரும் முழுமையாகக் கண்டதில்லை. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த செவ்விந்தியரை எவரும் கேட்கவுமில்லை. எனவே லூயிசு, கிளார்க் என்னும் இரு படை அலுவலர்களின் தலைமையில் ஒரு குழு 1804 மே மாதம் புறப்பட்டு, மிசௌரி ஆற்றின் வழியே சென்று, மலைத்தொடரைக் கடந்து, 1805 நவம்பரில் பசிபிக் கடலோரத்தை அடைந்து, 1806 செப்டம்பரில் திரும்பியது. அவர்கள் கொண்டுவந்த படமும் குறிப்புகளும் மேற்கு நோக்கிய குடியேற்றத்துக்குக் கால்கோளாயின. 1862ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஐந்து ஆண்டு தங்கிப் பயிரிடும் குடும்பத்துக்கு 160 ஏக்கர் நிலம் வழங்கியது. செவ்விந்தியரோ ஒதுக்கிடங்களுக்குள் தள்ளப்பட்டனர்.

அக்குழுவில் யார்க் என்றொருவர் இருந்தார். அவர் கிளார்க்கின் அடிமை, கறுப்பினத்தவர். மற்றவரோடு சமமாகப் படகு வலித்தார், வேட்டையாடினார், நோயாளிகளைப் பேணினார். மாரிக்காலத்தில் எங்கே தங்குவது என்று பசிபிக் கரையில் கருத்துக் கேட்டபொழுது அவருடைய கருத்தும் ஏட்டில் பதிவாயிற்று. ஊர் திரும்பியதும் படைவீரர்களுக்கு இரட்டைச் சம்பளமும் ஆளுக்கு 320 ஏக்கரும் கிடைத்தன. தலைவர் இருவருக்கும் தலைக்கு 1,600 ஏக்கர். யார்க்குக்கு ஒரு காசும் இல்லை, ஒரு முழ நிலமும் இல்லை. விடுதலை கேட்டபொழுதுகூடக் கிளார்க் உடனே இணங்கவில்லை. வழியில் மொழிபெயர்த்து உதவிய சக்ககாவியா என்னும் செவ்விந்தியப் பெண்ணுக்கும் எதுவும் இல்லை. அவள் கணவனுக்குத்தான் பணமும் நிலமும் கொடுத்தார்கள்.

இத்தகைய வரலாறு நமக்கு வெகு தொலைவில் நிகழ்ந்தது என்று எண்ணிவிடலாகாது. புளியங்குடியில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடரிலேயே, சற்று வடக்கே, இதே வரலாறு நம் முன்னோரின் காலடியில் நடந்தது.

லூயிசும் கிளார்க்கும் புறப்படுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, 1802 ஏப்ரலில், சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் என்னும் ஆங்கிலேயர் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இந்திய நிலப்பரப்பு முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெரும்பணியின் பிறப்பு அதுவே. அவர் கொண்டுவந்த கோணமானி அரை டன் எடையுள்ளது. 1808இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது ஏற்றும்பொழுது கயிறு அறுந்து கருவி சிதைந்தது. அதைச் செப்பனிட்டு, 1809இல் குமரிமுனை அருகே வரை அளந்து முடித்தார். அரை டன் கருவி குன்றுதோறும் தானே ஏறிவிடவில்லை. தூக்கியவர்களின் தோள்கள் எவருடையவை என்று நூல்கள் பெயர் சொல்வதில்லை.

அதனைத் தொடர்ந்து வார்டு, கானர் என்ற இரு இளம் அலுவலர்கள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தனர். யானைக்காடும் காய்ச்சலும் நிறைந்த உயர்மலைப் பகுதிக்கும் அவர்கள் ஏறினர். மலை, ஆறு, பாதை, குடியிருப்பு அனைத்தும் ஒரு பெருந்தொகுப்பாக எழுதப்பட்டன. அடுத்து இதே வார்டு 1821–22இல் நீலகிரியையும் அளந்தார். அங்கே கோயம்புத்தூர்க் கலெக்டர் சல்லிவன் 1819இலேயே ஏறிச் சென்று, சில ஆண்டுகளில் உதகையில் கல்வீடு கட்டிவிட்டார். படம் வந்த சூட்டோடு பங்களாவும் தோட்டமும் வந்த வேகத்தை நீலகிரி காட்டும். மூணாற்றுப் பகுதிக்கு மட்டும் அறுபது ஆண்டுகள் பிடித்தன.

இடையில் 1862இல் டக்ளசு ஆமில்டன் என்ற படை அதிகாரி ஆனைமுடியில் ஏறினார். 2,695 மீட்டர் உயரமுள்ள அச்சிகரமே தென்னிந்தியாவில் உயர்ந்தது. அதில் முதலில் ஏறியதாகப் பதிவு பெற்றவர் அவர். பதிவு பெற்றவர் என்றே நான் எழுதுகிறேன். அம்மலையில் வாழ்ந்த முதுவர் குடியினர் தேன் எடுக்கவும் வேட்டைக்கும் சென்ற இடத்தில், அதற்கு முன் ஒருவரும் ஏறாதிருந்தனர் என்று நம்புவதற்கு நம் அறிவு இடந்தருவதில்லை. அவர்களிடம் ஏடும் இல்லை, எழுதுவோரும் இல்லை. "கண்ணன் தேவன் மலை" என்ற பெயரே, அஞ்சநாட்டுப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த கண்ணன் தேவன் என்ற தலைவன் ஒருவனிடமிருந்து வந்தது என்று மரபு கூறும். அவன் பெயர் தேயிலைப் பொட்டலத்தின்மீது உலகெங்கும் போயிற்று. நிலம் போன வழி வேறு.

அந்த வழியைச் சற்று விரிவாகக் காணவேண்டும். ஜான் டேனியல் மன்றோ என்பவர் திருவிதாங்கூர் அரசில் ஏலமலைகளின் கண்காணிப்பு அதிகாரியாக இருந்தார். அவர் அவ்வுயர்மலையை நடந்து பார்த்தவர். அதன் பயனை அறிந்தவர். 1877 சூலை 11ஆம் நாள் பூஞ்ஞாற்றுச் சிற்றரசரிடமிருந்து அம்மலைப்பகுதியைக் குத்தகைப் பத்திரமாக எழுதி வாங்கினார். முன்தொகை 5,000 ரூபாய்; ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். பரப்பு 227 சதுர மைல். இதை என் மாணவர்களிடம் கணக்காகவே கொடுப்பதுண்டு: ஒரு சதுர மைலுக்கு 640 ஏக்கர் எனில், ஏக்கருக்கு ஆண்டுக் குத்தகை எவ்வளவு? அக்காலத்து நாணயத்தில் அரையணாவும் தேறாது. அடுத்த ஆண்டு திருவிதாங்கூர் அரசும் அதனை ஏற்றது. 1879இல் ஒரு தோட்டச் சங்கம் தோன்றியது. 1880இல் சார்ப்பு என்பவர் முதன்முதலாகத் தேயிலை நட்டார். 1897இல் கண்ணன் தேவன் குழுமம் உருவாயிற்று. சின்கோனாவும் காப்பியும் முதலில் முயன்று, இறுதியில் தேயிலையே நிலைத்தது.

1877 என்ற ஆண்டை இளைஞர்கள் மறத்தலாகாது. அதே ஆண்டில்தான் மலைக்குக் கிழக்கே தமிழ்நாட்டுச் சமவெளியில் தாது வருடப் பஞ்சம் உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்தது. 1876இல் தொடங்கி 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சென்னை மாகாணம் முழுதும் பல இலட்சம் பேர் மாண்டனர். அடிமை முறையைச் சட்டம் 1843இலேயே ஏற்க மறுத்துவிட்டது. எனினும் பண்ணையாள் முறை பெயர் மாறாமல் தொடர்ந்தது. நிலமில்லை, கிணறில்லை, தெருவில் நடக்க உரிமையில்லை. மலையில் நிலம் ஒரே கையில் குவிந்த காலமும், சமவெளியில் நம் மக்கள் எங்கேனும் போய்ப் பிழைத்தால் போதும் என்று நின்ற காலமும் ஒன்றாக அமைந்தன. தோட்டம் வளர்ந்த வேகத்துக்கு இவ்விரண்டும் சேர்ந்தே காரணம்.

பின்னர்க் கங்காணிகள் ஊருக்குள் வந்தனர். சங்கரன்கோவில், கோவில்பட்டி, கயத்தாறு வட்டாரத்துச் சேரிகளில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். முன்பணம் வாங்கியவன் அதைக் கழிக்கும் வரை கங்காணிக்குக் கட்டுப்பட்டவன். கிழக்கேயிருந்து மேலே செல்லும் வழி போடிநாயக்கனூர் வழி. அங்கிருந்து கொட்டகுடி சென்று, செங்குத்தான மலைப்பாதையில் நடந்தே ஏறவேண்டும். அரிசியும் கருவிகளும் தலைச்சுமையாக ஏறின. பின்னாளில் தேயிலைப் பெட்டிகளை இறக்கக் கொட்டகுடிக்கும் மேல் நிலையத்துக்கும் இடையே கம்பிவட வழியும், மேலே மூணாறு வரை சிறு இரயிலும் அமைந்தன. அவ்விரயிலை 1924ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. பின்னர் அது கட்டப்படவே இல்லை. கம்பி பெட்டிக்காக அமைந்தது; ஆளுக்கு எப்பொழுதும் பாதைதான்.

"மலைக்குப் போதல்" என்ற சொல் நம் ஊர்களில் இரண்டு பொருள் தந்தது. ஒன்று பிழைப்பு, மற்றொன்று திரும்பாமை. குளிரிலும் அட்டையிலும் காய்ச்சலிலும் மாண்டவர் பலர். எனினும் ஒன்றை நேர்மையோடு சொல்லவேண்டும். ஊரில் கிடைக்காத வாரக்கூலியும், நிலவுடைமையாளன் வாசலில் நிற்கவேண்டாத ஒரு சிறு விடுதலையும் அங்கே கிடைத்தன. அதனாலேயே ஒருவர் போன வீட்டிலிருந்து அடுத்தவரும் போனார். தோட்டமே நரகம் என்று மட்டும் எழுதினால், போனவர்களின் அறிவை நாம் குறைத்து மதிப்பிட்டவர்களாவோம். அவர்கள் இரண்டு துன்பங்களை எடைபோட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தவர்கள்.

அமெரிக்கக் குடியேறிக்கு 160 ஏக்கர் கிடைத்தது என்றேன். நம் மக்களுக்கு நிலம் கொடுக்கும் எண்ணமே ஆங்கில அரசுக்குத் தோன்றவில்லையா எனில், ஒருமுறை தோன்றியது. செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் 1891இல் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைபற்றி எழுதிய அறிக்கையின்மேல், 1892இல் பிறந்த அரசாணையால் ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுதும் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் என்று கணக்கிடுவர். பத்தாண்டு விற்கலாகாது, அதன்பின் விற்றாலும் இம்மக்களுக்கே விற்கவேண்டும் என்பது நிபந்தனை. அவற்றுள் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது ஊரறிந்த செய்தி. சமவெளியில் எழுத்திருந்தும் நிலம் தங்கவில்லை. மலையிலோ நம் பெயருக்கு எழுத்தே இல்லை. செக்ரோல் ஏட்டில் எண்ணாகத்தான் இருந்தோம்.

எழுத்தில்லாமையின் விளைவு 1956இல் வெளிப்பட்டது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழர் பெருந்தொகையினராய் வாழ்ந்தனர். மாநிலச் சீரமைப்பு ஆணையம் தோவாளை முதலிய தென்வட்டங்களையும் நமக்கு அண்மையிலுள்ள செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது; தேவிகுளம், பீர்மேட்டைக் கேரளத்துக்கு விட்டது. அங்குள்ள தமிழருள் பலர் தோட்ட வேலைக்கு வந்துபோகும் கூலிகள் என்பதும் அதன் வாதங்களுள் ஒன்று. மூன்று தலைமுறை காட்டைத் திருத்தியவர்கள் வந்துபோகிறவர்களாயினர்! ஏரியின் பயனும் ஆற்றின் பயனும் கருதி இரு தரப்பும் வாதாடலாம். அதில் நான் நுழையவில்லை. உழைத்தவன் பெயரில் ஒரு சென்ட் நிலமேனும் இருந்திருந்தால் அந்த வாதம் எழுந்திருக்குமா என்பதே என் கேள்வி. அதன் தொடர்ச்சியாக, 1950க்கு முன்பே அங்குக் குடியிருந்ததற்குச் சான்று கேட்கப்பட்டு, மலைத் தோட்டங்களில் வாழ்ந்த நம் பிள்ளைகள் பலர் சாதிச் சான்றிதழுக்கு அலைந்தனர். கல்விச் சங்கத்தார்க்கு இதன் வலி தெரியும். சான்றிதழ் இல்லையேல் உதவித்தொகை இல்லை, இடஒதுக்கீடு இல்லை.

மலைத் தமிழர் வாய்மூடி இருந்தாரல்லர். 2015 செப்டம்பரில் மூணாற்றில் கொழுந்து பறிக்கும் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுத் தாமே திரண்டு சாலையில் அமர்ந்தனர். பெண்கள் ஒற்றுமை என்ற பொருளில் தம் அணிக்குப் "பொம்பிளை ஒருமை" என்று பெயரிட்டனர். அப்பொழுது நாள்கூலி 232 ரூபாய். குறைக்கப்பட்ட போனசை எதிர்த்து ஒன்பது நாள் போராடி, 20 விழுக்காட்டைப் பெற்றனர். அடுத்த மாதம் கூலியும் 301 ரூபாயாயிற்று. படித்த தலைவர் எவரும் முன்னின்று நடத்தாத போராட்டம் அது. நம் மலர்களில் தலைவர்களின் படங்களுக்கு நடுவே அப்பெண்களின் படத்துக்கும் ஓரிடம் வேண்டும்.

2020 ஆகத்து 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் பெருமழையால் மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. எழுபது பேர் மறைந்தனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. குழந்தைகளும் பள்ளி மாணவரும் அதிலடங்குவர். இறந்தோரில் பெரும்பாலோரின் பூர்வீகம் கயத்தாறு வட்டாரம். செய்தி கேட்டு அங்கிருந்து உறவினர் மலையேறிச் சென்றனர். மண்ணில் புதைந்த அந்த லய வீடுகளில் அவர்கள் தலைமுறையாக வாழ்ந்து வந்தனர். ஆயினும் அவை வேலையில் இருக்கும் வரைதான் அவர்களுக்கு உரியவை. ஓய்வுபெற்றால் காலிசெய்து சாவியை ஒப்படைக்க வேண்டியவை.